முதலில் கால்களை எண்ணினேன்

பூஜைக்கு நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தேன். இலை மேல் ஓடிய ஒரு முசுறு எறும்பைத் தட்டிவிட விரலை நீட்டினேன். அது இலை ஓரத்திலிருந்து குதித்து, ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. முசுறு கடிக்கும், கடித்த இடம் எரியும், அதெல்லாம் தெரியும். நூல் விடும் என்று கேள்விப்பட்டதே இல்லை. பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு கைபேசியில் நாலு படம் எடுத்தேன். மூன்று கலங்கிவிட்டன. நாலாவதைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணினேன். எட்டு.

எறும்புக்கு ஆறு கால், தலையில் ஒரு ஜோடி உணர்கொம்பு. இதுவோ எட்டுக் கால்களில் முன்னங்கால் இரண்டைத் தூக்கி, உணர்கொம்பு போலவே ஆட்டிக்கொண்டிருந்தது. எட்டுக்கால் பூச்சி என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறோமே, அந்தப் பெயரிலேயே விடை இருந்திருக்கிறது. முசுறு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி அது. அறிவியல் பெயர் மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டிஸ். எறும்பைப் போலவே அதன் உடம்பு அங்கங்கே ஒடுங்கியிருக்கும். தலையின் இரு பக்கமும் எறும்புக் கண் போலக் கரும்புள்ளி இருக்கும். ஆண் சிலந்தியின் தாடை நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். முசுறைக் கண்டால் பல பிராணிகள் ஒதுங்கிப் போகும். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்தச் சிலந்தி பிழைக்கிறது. நிஜ முசுறு கிட்டே வந்தால் இதுவும் விலகி ஓடிவிடும். அதை அப்புறம் பல காலைகளில் பார்த்தேன்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கம். கொல்லையில் ஒரு பப்பாளி, கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை, துவைகல். மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. பூச்சி பார்ப்பது என்றால் அங்கே போய்ப் பார்ப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்று என் நோட்டில், எங்கள் மதில் சுவருக்குள் படமெடுத்த பூச்சி, சிலந்தி வகைகள் மட்டும் 212 இருக்கின்றன. அதில் பாதிக்குக்கூட முழுப்பெயர் தெரியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் நான் அழகான படங்களாக எடுத்துத் தள்ளினேன். பின்னணி மங்கலாக, பூச்சியின் முகம் மட்டும் பளிச்சென்று. ஒரு நாள் எலுமிச்சை இலையில் பச்சையும் நீலமுமாக மின்னும் வண்டு ஒன்று. மனசுக்கு நிறைவாக ஒரு படம் எடுத்து, அடையாளம் கேட்டு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டேன். பதிலுக்கு ஒருவர் கேட்டார்: முதுகுப்புறம் படம் உண்டா, எவ்வளவு நீளம், எந்தச் செடி? செடியைத் தவிர எதற்கும் என்னிடம் பதில் இல்லை. வண்டு எப்போதோ பறந்துபோய்விட்டது. பார்வைக்காக எடுக்கும் படம் வேறு, பெயர் தெரிந்துகொள்ள எடுக்கும் படம் வேறு என்று அன்று புரிந்தது. பெயர் வேண்டுமானால், பார்த்துச் சொல்லப் போகிறவர் என்னென்ன கேட்பாரோ அதற்கெல்லாம் படத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என் வழக்கம் மாறியது. எதைப் பார்த்தாலும், நின்ற இடத்திலிருந்தே முதலில் ஒரு படம். கிட்டே போவதற்குள் பறந்துவிட்டாலும் ஒன்றாவது கையில் இருக்கும். அப்புறம் ஓரடி நெருங்கி ஒன்று, இன்னும் நெருங்கி மேலிருந்து முதுகு, பக்கவாட்டில் கால்கள், முடிந்தால் நேர்முகம். கடைசியாகச் செடி முழுவதும் தெரிய ஒன்று. பூச்சி போன பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அது உட்கார்ந்திருந்த அதே இலையில் ஒரு சின்ன ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்துவிடுவேன். இலையின் அகலத்தை வைத்துப் பூச்சியின் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் ஒரு வருடம் வீணாயிற்று.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். என்னிடம் இருப்பது சாதாரண கைபேசியும், அதில் கவ்வி மாட்டுகிற ஒரு மேக்ரோ லென்சும்தான். அந்த லென்ஸ் போட்டால் பூச்சிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிட்டே போகவேண்டும், தெளிவாகத் தெரியும் ஆழமோ நூல் அளவுதான். திரையைத் தொட்டுத் தொட்டு ஃபோகஸ் செய்வதைவிட, முழங்கையைத் தொடையிலோ சுவரிலோ ஊன்றி, மூச்சைப் பிடித்து, கைபேசியை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தியபடி பத்துப் பதினைந்து படம் தொடர்ச்சியாக எடுப்பதுதான் எனக்குப் பலித்தது. அதில் ஒன்றிரண்டில் கண் தெளிவாக இருக்கும், மற்றதை அன்றே அழித்துவிடுவேன். டார்ச் வெளிச்சத்தை நேராக அடித்தால் வண்டின் முதுகு கண்ணாடி போலப் பளபளத்து நிறமே தெரியாது. டார்ச் முகப்பில் டிஷ்யூ பேப்பரை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர்பேண்ட் போட்டால் வெளிச்சம் மெத்தென்று விழும். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, நேரம். காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை, உடம்பு சூடேறாமல் பூச்சிகள் மந்தமாக இருக்கும். பத்து மணி வெயிலில் பறந்தே தீர்த்துவிடும் தட்டான், மார்கழிக் காலையில் பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். நம் நிழல் அதன் மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிலர் பூச்சியை டப்பாவில் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து, விறைக்கச் செய்து படமெடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது எந்த இலையின் அடியில், யாரோடு, என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் அந்த டப்பாவுக்குள் வராது. படம் கிடைக்காமல் போனால் போகட்டும்.

சிலந்தியில் நான் முதலில் பார்ப்பது கண் வரிசையை. குதிக்கும் சிலந்திக்கு முன்பக்கம் நாலு கண், நடு இரண்டும் கார் விளக்கு போலப் பெரிது. ஓநாய்ச் சிலந்திக்குக் கீழே நாலு சின்னக் கண் ஒரே வரிசையில், அதற்கு மேலே இரண்டு பெரிய கண், இன்னும் பின்னால் இரண்டு. இரவில் நெற்றியை ஒட்டி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைத் தரையைப் பார்த்தால், புல்லுக்குள் பச்சையாக மினுக்கும் பொட்டுகள் பெரும்பாலும் இந்த ஓநாய்ச் சிலந்திகளின் கண்தான். கண் வரிசை தெரிந்தால் குடும்பம் தெரியும், குடும்பம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆகவே சிலந்தி என்றால் முகம் கட்டாயம். வலையில் இருப்பதென்றால் முதுகும் வயிறும் இரண்டும் வேண்டும். கண்ணாடி ஜன்னலில் ஊரும் சிலந்தி கிடைத்தால் விடாதீர்கள், மறுபக்கம் போய் வயிற்றையும் எடுத்துவிடலாம்.

போகிக்கு முந்தின வாரம் ஒட்டடைக் குச்சியோடு ஏணியில் ஏறியபோது, மூலையில் தலைகீழாகத் தொங்கும் அந்த நெட்டைக்கால் சிலந்தியையும் ஒரு படம் எடுத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. எத்தனை வருடமாக அடித்துத் தள்ளியிருக்கிறேன், ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பெரிதாக்கினால், வாயில் வெளிறிய முட்டைக் கொத்து ஒன்றைக் கவ்விக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை தாய் அதை வாயிலேயே சுமக்கும். வலையைத் தொட்டால் உடம்பைக் கிறுகிறுவென்று சுழற்றும். கண்ணுக்குப் புகை மாதிரிதான் தெரியும், எதிரி எங்கே கொத்துவது என்று திணறிவிடும். க்ராஸோப்ரைஸா லயோனி என்பது பெயர். கொசு அதன் இரைகளில் ஒன்று. அந்த வருடத்திலிருந்து ஸ்டோர் ரூமின் இரண்டு மூலைகளுக்கு எங்கள் வீட்டில் ஒட்டடைக் குச்சி போவதில்லை.

இனி பப்பாளிக் கதை. பெயர் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வருடம் பங்குனியில் பப்பாளி இலையடியிலும் காய்க்காம்பிலும், வெள்ளை மெழுகு போர்த்திச் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி அப்பிவிட்டது. இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி நம் ஊர்ப் பூச்சி அல்ல, மெக்சிகோ பக்கத்தது. இந்தியாவில் 2008-ல் கோயம்புத்தூரில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்கப் பெரிய சேதம். மருந்தடித்துக் கட்டுப்படவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்கிற மிகச் சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. இவ்வளவும் படித்துத் தெரிந்தும், என் மரத்தைப் பார்த்ததும் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து ஸ்பிரேயரில் நிரப்பிவிட்டேன். அடிப்பதற்கு முன் நோட்டுக்காக நாலு படம் மட்டும் எடுத்தேன்.

திரையில் பார்த்தால் அந்த வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே ஒன்று மட்டும் நீளமாக, கொஞ்சம் தட்டையாக இருந்தது. மற்றதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, இது நகர்ந்துகொண்டிருந்தது. மேலே அப்பியிருந்தது அதே வெள்ளை மெழுகு. ஸ்பிரேயரை வைத்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். அது மாவுப்பூச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தது. இலையே தின்னாமல் மாவுப்பூச்சியைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழு! ஸ்பால்கிஸ் எபியஸ் என்பது அதன் பெயர். தேடியதில் அந்த மரத்தில் ஏழு புழுக்கள் கிடைத்தன. நான் அடிக்க இருந்த மருந்து அந்த ஏழின் மேலும்தான் விழுந்திருக்கும்.

ஒரு வாரத்தில் அவை கூட்டுப்புழுவாயின. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஐயோ, குரங்கு மூஞ்சிடீ!" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நகம் அளவுகூட இல்லாத கூட்டில் இரண்டு கண், அமுங்கிய மூக்கு, முகவாய். பத்து நாளுக்குள் அதிலிருந்து வந்தது, கண்ணில் சட்டென்று படாத பழுப்பு நிறச் சின்ன வண்ணத்துப்பூச்சி. அக்கா தன் வீட்டுச் செம்பருத்தியில் அப்பியிருந்த வெள்ளையையும் பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தார். அங்கே இருந்தது வேறொரு ஆள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு, அதுவும் மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி மாதிரியே வேடம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சியைத் தின்னும். ஆகவே மாவுப்பூச்சி கண்டால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். முதலில் படம். கூட்டத்தில் பெரிதாக இருப்பது, வேகமாக நகர்வது, இழை நீளமாக இருப்பது எதுவோ அதை உற்றுப் பாருங்கள். பொறிவண்டிலும் இதே கவனம் வேண்டும். கத்தரி இலையைச் சல்லடையாக்கும் 28 புள்ளிப் பொறிவண்டின் முதுகில் மெல்லிய ரோமம் இருப்பதால் மங்கலாகத் தெரியும். அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டுக்கு முதுகு வழவழவென்று மின்னும். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சிலந்தி மேல் விழுந்த ஒரு பழியைத் துடைக்கவும் ஒரு படம் உதவியது. ஐப்பசி மழை நேரம். அம்மாவின் கழுத்தில் கோடு இழுத்தாற்போலச் சிவந்து, மறுநாள் கொப்புளமாகி எரிந்தது. "சிலந்தி மூத்திரம் பெஞ்சிருக்கு. அக்கி எழுதிட்டு வந்துடலாம்" என்றார். நான் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் பார்த்ததும் கேட்ட கேள்வி: "ராத்திரி ட்யூப்லைட் கீழ உட்காருவீங்களாம்மா?" அம்மா தினமும் அங்கேதான் பூ கட்டுவார். அன்று இரவு விளக்கடியில் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று வந்தன. எறும்பு மாதிரி ஒல்லி உடம்பு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, நடுவில் குட்டையாக நீலம் மின்னும் இறக்கை உறை. பெடரஸ் என்ற வண்டு அது. இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது நாம் நசுக்கிவிடுகிறோம், அதன் உடல்நீரில் இருக்கும் பெடரின் என்ற பொருள் தோலைப் புண்ணாக்குகிறது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் தெரியும் என்பதால் எதனால் வந்தது என்றே நினைவிருக்காது, பழி மூலையில் இருக்கும் சிலந்திக்குப் போய்விடும். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள், அல்லது காகிதத்தில் ஏற்றி வெளியே விடுங்கள். தெரியாமல் நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படத்தைக் காட்டியபோது அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். மழைக்காலத்தில் இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பூ கட்டுகிறார்.

சரி, பாதிக்குப் பெயர் தெரியாது என்றேனே, அதற்கு வருகிறேன். ஆரம்பத்தில் கைபேசியில் ஒரு செயலி சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு முறை குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி. ஆஸ்திரேலியாவில் மட்டும் வாழும் ஓர் இனத்தின் பெயரைச் செயலி சொன்னது, நானும் நம்பி எழுதி நாலு பேருக்கு அனுப்பினேன். பிறகு விவரம் தெரிந்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். அது ஹெட்டரோபோடா வெனடோரியா, நம் வீடுகளில் கரப்பான் வேட்டையாடுவது. பெண் சிலந்தி வட்டமான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் தூக்கிக்கொண்டு திரியும். வலை கட்டாது, மனிதர்களைத் தேடி வந்து கடிக்காது. அன்றிலிருந்து செயலி ஒரு பெயர் சொன்னால், அந்த இனம் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கிறதா, அதன் நெருங்கிய சொந்தங்கள் இங்கே எத்தனை, அவற்றிலிருந்து எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று மூன்றையும் பார்க்காமல் எழுதுவதில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் நின்றுவிடும். உலகில் பெயர் வைத்த சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டன, குதிக்கும் சிலந்திக் குடும்பத்தில் மட்டும் 6,000-க்கு மேல். பல இனங்களை இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். நிறத்தையும் கோட்டையும் வைத்து முடியாது. குஞ்சாக இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே என் நோட்டில் பல இடங்களில் பேரினத்தோடு, அதாவது பெயரின் முதல் சொல்லோடு நிறுத்தியிருப்பேன், சிலதில் குடும்பத்தோடு. தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதிய பதிவுதான் பின்னால் ஒருவருக்குப் பயன்படும். தவறான முழுப்பெயர் அடுத்தவரையும் சேர்த்துத் தவறவைக்கும். ஐநேச்சுரலிஸ்டில் கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவு ஆய்வுத் தரம் பெறும். அந்த முத்திரைக்காக, புரியாமலே யாருக்கும் 'ஆமாம்' போடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

அதே தளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். வீட்டில் எடுத்த படத்தோடு வீட்டு இருப்பிடமும் போய்விடும். ஒரு வருடம் கழித்துத்தான் என் வாசற்படி வரைக்கும் வரைபடத்தில் புள்ளி இருப்பதைக் கவனித்தேன். பதிவின் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இரவு விருந்தாளிகளைப் பார்க்க ஆசைப்பட்டால், அப்பாவின் பழைய வேட்டி ஒன்று போதும். மொட்டை மாடியில் கொடியில் வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு விளக்கைப் போட்டால் அந்துப்பூச்சிகள் வந்து அப்பும். அமாவாசையை ஒட்டிய இரவில் நிறைய வரும், நிலவு இருந்தால் குறையும். இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவேன். விடிய விடிய எரியவிட்டால் அவை அங்கேயே சோர்ந்து, காலையில் பல்லிக்கும் மைனாவுக்கும் இரையாகும்.

போன மாசியில் மீட்டர் பெட்டியை மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். பெட்டியைக் கழற்றியதும் பின்னால் ஒட்டியிருந்த மண்கூடு கீழே விழுந்து ஒரு ஓரம் உடைந்தது. எனக்குத் தெரிந்த குளவியின் கூடுதான். மஞ்சள் காலோடு நூல் இடுப்போடு, துவைகல்லடி ஈர மண்ணை உருட்டி உருட்டிக் கொண்டுபோனதை இரண்டு வாரம் படமெடுத்திருந்தேன். ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம் என்று அடையாளம் சொல்லியிருந்தார்கள். 1781-ல் ஃபப்ரீசியஸ் வைத்த பெயர், நம் மதராசப்பட்டினம்தான் அதில் இருக்கிறது. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். குளவி கூட்டுக்குள் எதையோ கொண்டுபோகிறது, கொஞ்ச நாளில் குளவியே வெளியே வருகிறது. பார்த்தவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. உடைந்த அறைக்குள் இருந்ததோ சிலந்திகள். கொட்டி மரத்துப்போகச் செய்து, குளவிக் குஞ்சுக்கு உணவாக அடுக்கி வைத்திருந்தது.

வெள்ளைத் தாளில் ஒன்றொன்றாக எடுத்து வைத்தேன். 14 இருந்தன. செத்தவை அல்ல, சிலதின் கால்நுனி லேசாகத் துடித்தது. ஓடாது, குதிக்காது. முகம், முதுகு, வயிறு என்று எல்லாவற்றையும் நிதானமாக எடுக்க முடிந்தது. மற்ற அறைகள் உடையவில்லை, கூட்டை அப்படியே மாடத்தில் வைத்துவிட்டேன். மத்தியானம் உட்கார்ந்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 14-ல் நான் ஏற்கெனவே எடுத்திருந்தவை 3. மீதி 11-ஐ நாலு வருடத்தில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அத்தனையும் இந்தச் செடிகளிலும் அக்கம்பக்கத்துச் செடிகளிலும் இருந்து அந்தக் குளவி பிடித்து வந்தவை.

மறுநாள் காலை பூக்கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு, கறிவேப்பிலையின் அடி இலைகளைத் திருப்பிப் பார்ப்பதிலிருந்து ஆரம்பித்தேன்.